கடல் தெரியாத அறை

ஏழு பேர் சேர்ந்து ஓரிடத்துக்குப் போகும்போது, அந்த ஏழு பேரில் யாருக்குப் பொருந்தினால் அந்த இடம் பொருந்தியதாகும்? அதிகம் பேருக்குப் பொருந்தினால் போதுமா? மிகச் சின்னப் பிள்ளைக்குப் பொருந்தினால் போதுமா? அல்லது ஒன்றும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிற ஒருவருக்குப் பொருந்த வேண்டுமா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது நானல்ல. எட்டு வருடங்களுக்கு முன் முல்லைத்தீவுக் கரையில் ஒரு சின்ன ஆடம்பர விடுதியில் வேலை செய்தேன். அங்கே வரவேற்பு மேசையில் எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா கேட்டது இது. அப்போது எனக்கு அது அறை கேட்டு எடுப்பவர்களிடம் தொலைபேசியில் நேரத்தை வீணாக்கும் ஒரு பழக்கமாகத்தான் தெரிந்தது. விடை தெரியாத கேள்வி என்று தோன்றவில்லை.

இப்போது அது என் வீட்டுக் கேள்வியாகிவிட்டது. என் கணவரின் அக்கா, என் மச்சாள், ஓகஸ்டில் கனடாவிலிருந்து குடும்பத்தோடு வருகிறார். அவர்கள் நான்கு பேர், நாங்கள் மூன்று பேர். எல்லோரும் சேர்ந்து மூன்று நாள் தங்குவதற்கு அதே கரையில் புதிதாகத் திறந்திருக்கும் ஒன்பது அறை விடுதி ஒன்றைப் பார்த்திருக்கிறார். அறைகளைப் பிடித்து வைத்துவிட்டு எனக்கு இணைப்பை அனுப்பினார். "நீர் இந்த வேலை செய்தனீர்தானே. வடிவாப் பாத்துச் சொல்லும், நீர் ஓம் எண்டா நான் உறுதிப்படுத்திறன்" என்று எழுதியிருந்தார். அது வந்து இரண்டு வாரமாகிறது. நான் இன்னும் ஓம் சொல்லவில்லை. போரின் கடைசி மாதங்களில் என் கணவரின் தங்கை அந்தக் கரையில்தான் தவறினாள். என் கணவருக்கு அப்போது பதினைந்து வயது. மச்சாள் அதற்கு முன்பே வெளிநாடு போய்விட்டார். நான் என் வீட்டாரோடு வவுனியாவில் இருந்தேன். அந்தக் கரையில் அப்போது இருந்தவர் ஏழு பேரிலும் என் கணவர் ஒருவர்தான்.

விடுதியில் என்னோடு வேலை செய்த அந்த அக்காவின் பெயரை இங்கே எழுதவில்லை. அனுமதி கேட்பதற்கு அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

நான் வேலை செய்த விடுதியில் எட்டு அறைகள். ஏழு அறைகள் கடலைப் பார்த்தவை. எட்டாவது பின்பக்கம், ஒரு புளியமரத்தைப் பார்த்தது. முதலில் வாகன ஓட்டிகள் தங்குவதற்கென்று கட்டி, பிறகு அதற்கும் ஏசி பூட்டி, நல்ல கட்டில் போட்டிருந்தார்கள். நாங்கள் அதைப் புளியடி அறை என்போம். முதலாளி லண்டனில் இருந்தார், வருடத்துக்கு ஒரு தடவை வருவார். பட்டம் முடித்துவிட்டு அரச நியமனத்துக்காகக் காத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. முல்லைத்தீவில் சித்தி வீட்டில் தங்கி, பதினான்கு மாதம் அங்கே வேலை செய்தேன். ஆங்கில மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது என் பொறுப்பு. தமிழில் வரும் தொலைபேசி அழைப்புகள் அக்காவின் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் ஆட்கள் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருப்பதில்லை, தொலைபேசியில் எடுத்துக் கதைத்துவிடுவார்கள். ஆகவே அங்கே யார் வருவது, யார் வராமல் விடுவது என்பது பெரும்பாலும் அக்காவின் வாயில்தான் இருந்தது.

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கரையோரக் கத்தோலிக்கக் குடும்பம். தகப்பனும் தமையன்மாரும் கடற்றொழில். மெலிந்த ஆள். விடுதி தந்த நீலச் சேலைக்குக் கீழே ஓட்டக்காரர் போடும் சப்பாத்துப் போட்டிருப்பார். மணலில் நடப்பதற்கு அதுதான் சரி என்பார், சேலைக்குப் பொருந்தவில்லை என்று சொன்னால் சேலை நடக்கிறதில்லையே என்பார். மேசை லாச்சிக்குள் எப்போதும் ஒரு கடதாசிச் சரை நிறைய வறுத்த கச்சான், கோதோடு நிலக்கடலை, இருக்கும். தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு கோது உடைப்பார். லைன் கரகரக்கிறது என்று மறுமுனையில் சொல்வார்கள். "அது லைன் இல்லை, நான்தான்" என்பார்.

விடுதியைப் பற்றி அவர் தானாக ஒரு நல்ல சொல் சொல்லி நான் கேட்டதில்லை. இடம் எப்படி, நல்லதோ என்று கேட்டால், "நல்லம்தான். ஆர் ஆர் வாறியள்?" என்று திருப்பிக் கேட்பார். அதிலிருந்து தொடங்கும். வயது போனவர்கள் உண்டா, முழங்கால் எப்படி, ஏனென்றால் அறையிலிருந்து சாப்பாட்டு மண்டபத்துக்கு மணலில் நடக்க வேண்டும். பிள்ளைகளுக்கு எத்தனை வயது, நீந்துவார்களா, நீந்தினாலும் இந்தக் கரை நாலு அடி வைத்ததும் சரிந்து இறங்கும், இழுப்பு உண்டு, நீச்சல் தடாகத்தோடு நிற்பார்களா. எந்த மாதம். மார்கழி என்றால் கடலைப் பார்க்கலாம், தொட முடியாது. விடிய ஐந்தரைக்கே அறைகளுக்கு முன்னால் மீனவர்கள் கரைவலை இழுப்பார்கள், சத்தமாக இருக்கும், அது பரவாயில்லையா. இவ்வளவும் முடிந்த பிறகு, கடற்கரைக்குத்தான் போக வேண்டும் என்று வீட்டில் முதலில் சொன்னது யார், அப்போது பேசாமல் இருந்தது யார் என்று கேட்பார். சிலர் சிரிப்பார்கள். சிலர் யோசிப்பார்கள். யோசிப்பவர்களிடம்தான் அவர் ஏழு பேர் கேள்வியைக் கேட்பார்.

பிறகு பலருக்கு, "உங்களுக்கு இது சரிவராது" என்று சொல்லிவிடுவார். குரலில் கோபமோ இரக்கமோ இருக்காது. செருப்புக் கடையில் அந்த அளவு இல்லை என்று சொல்வது போல இருக்கும். சொல்லிவிட்டு வேறு இடமும் சொல்வார். சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் நிற்க வேண்டுமென்றால் பாசிக்குடா. குளிர் வேண்டுமென்றால் நுவரெலியா. சொந்தக்காரரைப் பார்க்க வருகிறவர்கள் என்றால், சொந்தக்காரர் வீட்டிலேயே பாயைப் போட்டுப் படுங்கள், அவர்களுக்கும் மனம் குளிரும். இணையத்தில் படம் பார்த்தோம், சொர்க்கம் மாதிரி இருக்கிறது என்பவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "படத்தில காத்து வராது."

குசினியில் சமைக்கும் அண்ணைக்கு இது பெரிய பகிடி. அக்கா தொலைபேசியை வைக்கும்போதெல்லாம் எட்டிப்பார்த்து, எத்தனை பேருக்கு அரிசி போடுவது, இல்லை அடுப்பை நூர்த்து விடட்டுமோ என்று கேட்பார். "இந்த அம்மா இருக்கும் மட்டும் எங்களுக்குச் சட்டி கழுவிற வேலை குறைவு" என்று என்னிடம் சொல்வார். அக்கா கச்சான் கோதொன்றை அவர் மீது எறிவார்.

அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சுவிஸிலிருந்து ஒரு தகப்பன் எடுத்தார், பதின்மூன்றிலிருந்து பதினாறு வயதுக்குள் மூன்று பிள்ளைகள். அக்கா எல்லாம் கேட்டுவிட்டு, வைஃபை வரவேற்பு மண்டபத்தில் மட்டும்தான் இருக்கிறது, கிட்டத்தில் கடை இல்லை, மூன்றாவது மணித்தியாலம் பிள்ளைகள் உங்களோடு கதைக்க மாட்டார்கள், வேண்டாம் என்றார். அந்த மனிதர் அதையும் மீறி வந்தார். பிள்ளைகள் மூவரும் இரண்டாம் நாள் விடிய எழும்பிப் போய்க் கரைவலைக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள், அக்காவின் தமையன் அவர்களுக்கு ஒரு வாளி மீன் கொடுத்து அனுப்பினார். போகும்போது தகப்பன் மேசைக்கு வந்து, நீங்கள் சொன்னதைக் கேட்டிருந்தால் நாங்கள் வந்திருக்கவே மாட்டோம் என்றார். அக்கா, "ஓம், நல்ல காலம் நீங்கள் கேக்கேல்லை" என்றார். அவ்வளவுதான். அடுத்த அழைப்பில் அதே கேள்விகளைத்தான் கேட்டார்.

இன்னொரு தடவை கொழும்பிலிருந்து வந்த ஒருவர், விடியற்காலையில் மீனவர்கள் சத்தம் போடுகிறார்கள், அவர்களைக் கொஞ்சம் தள்ளிப் போய் இழுக்கச் சொல்லுங்கள் என்று முறையிட்டார். எந்த விடுதியிலும் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். அக்கா அவருக்குப் புளியடி அறையைக் காட்டி, அங்கே சத்தம் வராது, மாறுகிறீர்களா என்று கேட்டார். வலை இழுப்பவர்கள் விடுதிக்கு முந்தியே வந்தவர்கள் என்றும் சொன்னார். அந்த மனிதர் மாறவில்லை. மறுநாள் காலை பால்கனியில் நின்று வலை இழுப்பதைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குக் கடலோடு ஏதோ பகை என்று யாரும் நினைக்க வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கரையில் நின்று தமையனோடு அன்றைக்குப் பிடிபட்ட மீனைப் பற்றிச் சண்டை பிடிப்பார். முதலாளி ஒரு தடவை வேலையாட்கள் எல்லோருக்கும் ஒரு நாள் அறையில் தங்க இலவச அனுமதி கொடுத்தபோது, அக்கா கடலைப் பார்த்த மூன்றாம் இலக்க அறையை எடுத்து, ஏசியைப் போட்டு, காலை பத்து மணி வரை நித்திரை கொண்டார். மெத்தை மெத்தென்று இருந்ததால் இடுப்பு நாரி பிடித்துவிட்டது என்று இரண்டு நாள் முறைப்பாடு சொன்னார்.

அவர் உண்மையை மட்டும் சொல்கிற ஆள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது முழுதும் சரியல்ல என்று தெரியவந்தது என்னுடைய ஒரு பிழையால்.

அக்கா தமையனின் மகளுக்குத் தேவாலயத்தில் முதல்நன்மைச் சடங்கு என்று இரண்டு நாள் லீவில் போயிருந்தார். அன்று நோர்வேயிலிருந்து ஒரு மகளும் அவருடைய குடும்பமும், எழுபது வயதளவில் அவருடைய தாயும் வருவதாக இருந்தது. அறைப் புத்தகத்தில் அக்கா எழுதி வைத்திருந்தார்: அம்மாவுக்குப் புளியடி அறை, மூன்றாம் அறையில் ஏசி பழுது. நான் ஒழுங்காக வேலை செய்கிறவள். பழுது என்றால் திருத்துகிறவரைக் கூப்பிட வேண்டுமே என்று மூன்றாம் அறைக்குப் போய் ஏசியைப் போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் அறை குளிர்ந்துவிட்டது. அக்கா அவசரத்தில் பிழையாக எழுதிவிட்டார் என்று முடிவெடுத்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஊருக்கு வரும் ஒரு தாய்க்கு வாகன ஓட்டிகளின் அறையைக் கொடுப்பதா என்று எனக்குக் கூச்சமாகவும் இருந்தது. அவருக்கு மூன்றாம் அறையைக் கொடுத்தேன். திரைச்சீலையை நானே இழுத்துத் திறந்தேன். தரையிலிருந்து முகடு வரை கண்ணாடி, கண்ணாடி முழுவதும் கடல். மகள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். தாய், "நல்ல அறை பிள்ளை" என்றார்.

மறுநாள் காலை தேநீர் கொண்டுபோனபோது கட்டில் விரிப்பு சுருங்காமல் இருந்தது. கதிரை குளியலறைக்குள் இருந்தது. அதன் மேல் தலையணை. அந்த அறையில் கடல் தெரியாத இடம் அது ஒன்றுதான். அந்தத் தாய் ஏற்கனவே குளித்து, சேலை கட்டி, கதவோரம் நின்றிருந்தார். நான் கதிரையைப் பார்த்ததை அவர் பார்த்தார்.

"கட்டில் எல்லாம் நல்ல கட்டில், பிள்ளை. கடல்தான் கிட்டவாக் கிடக்கு."

அன்று மத்தியானத்துக்கு முன்பே அவர்கள் வவுனியாவுக்கு வெளிக்கிட்டார்கள். மகள் என்னைக் குறை சொல்லவில்லை. வாகனத்தில் ஏறுவதற்கு முன், அம்மாவிடம் தான் கேட்டதாகவும், அம்மா ஓம் என்றுதான் சொன்னதாகவும் இரண்டு தடவை சொன்னார். எனக்குச் சொன்னாரா தனக்குச் சொன்னாரா தெரியாது.

அக்கா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே என் பக்கத்தையும் சொன்னேன்: ஏசி வேலை செய்தது, நான் போட்டுப் பார்த்தேன். அவர் அறைப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

"அது வேலை செய்யுமெண்டு எனக்குத் தெரியாதோ, தங்கச்சி?"

பிறகுதான் விளங்கப்படுத்தினார். மகள் தொலைபேசியில் கதைத்தபோது, சண்டைக் காலத்தில் அம்மா எங்கிருந்து வெளிக்கிட்டவர் என்று அக்கா கேட்டிருக்கிறார். இந்தப் பக்கத்தில் அது யாரும் கேட்கிற கேள்வி. மகள் வரிசையாகச் சொல்லியிருக்கிறார், அக்கராயனில் இருந்து தருமபுரம், அங்கிருந்து விசுவமடு, தேவிபுரம். பிறகு ஒரு இடைவெளி. பிறகு வவுனியா முகாம். தேவிபுரத்துக்கும் முகாமுக்கும் இடையில், எல்லோரும் கடைசியாக நின்ற இந்தக் கரையின் ஊர்ப் பெயர் ஒன்றும் இல்லை. "அந்த இடத்தில பெயர் சொல்லாத ஆக்களுக்குப் புளியடி அறை" என்றார் அக்கா. "எங்கட ஆக்களுக்கு ஒரு சாட்டு வேணும். ஏசி பழுதெண்டா ஒருத்தரும் ஒருத்தருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அறை இல்லை, பின்னால படுத்தம், முடிஞ்சுது."

விடுதியில் எந்த நாளும் அந்த ஒரு அறையை அவர் ஏன் நிரப்பாமல் வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வந்த நாளிலிருந்து மூன்றாம் அறையின் ஏசி எத்தனை தடவை பழுதாகியிருக்கிறது என்று புத்தகத்தில் பார்த்தேன். ஒருமுறையும் திருத்துகிறவர் வந்ததாக இல்லை.

இதோடு நிறுத்தினால் அவரைப் பற்றி நல்லதாக எழுதி முடித்துவிடலாம். ஆனால் பிரான்ஸிலிருந்து வந்த அழைப்பையும் சொல்ல வேண்டும்.

ஒரு கணவர் எடுத்தார். மனைவியின் தம்பி அந்தக் கரையில் காணாமல் போனவர் என்று அவராகவே சொன்னார். மனைவி ஒன்றும் சொல்வதில்லை என்றும், பிள்ளைகள் கடல் கேட்கிறார்கள் என்றும் சொன்னார். அக்கா, "உங்களுக்கு இது சரிவராது, புளியடி அறையும் அந்தக் கிழமை இல்லை, மலைப்பக்கம் போங்கோ" என்றார். அந்த மனிதர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். ஒரு மாதம் கழித்து ஒரு பெண் எடுத்தார். அன்று அக்கா ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். அந்தக் கணவரின் மனைவி. கொழும்பில் இருந்து கதைத்தார், மறுநாள் விமானம். அந்தக் கரைக்கு ஒரு தடவை வந்து தம்பி இருந்த இடத்தில் இருந்துவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகத்தான் தான் பயணத்துக்கே சம்மதித்ததாகவும், அதைக் கணவரிடம் சொல்ல வாய் வராமல் இருந்ததாகவும் சொன்னார். விடுதியில் வேண்டாம் என்று சொன்னார்கள் என்று கணவர் மலைக்குக் கூட்டிப் போய்விட்டார்.

"என்னை ஒரு சொல் கேக்காமல் எனக்காக நீங்கள் ஏன் முடிவெடுத்தனீங்கள்?"

அக்கா, "ஓம். பிழைதான்" என்றார். கச்சான் சரையை லாச்சிக்குள் தள்ளிவிட்டு லைனிலேயே இருந்தார்.

அதன் பிறகு சில வாரங்களுக்கு அக்கா புதிதாக ஒன்று செய்தார். வீட்டில் பேசாமல் இருப்பவர் யார் என்று தெரிந்ததும், அவரிடம் போனைக் கொடுங்கள் என்பார். கொடுப்பார்கள். கடற்கரைக்கு வர உங்களுக்கு விருப்பமா என்று நேரடியாகக் கேட்பார். எல்லோரும் விருப்பம் என்றார்கள். ஒருவர் விடாமல். பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள், எனக்கென்ன என்றார்கள். கொஞ்ச நாளில் அக்கா அதையும் விட்டுவிட்டார். "நேர கேட்டா ஓம் எண்டுதான் சொல்லுவினம்" என்றார். "கேக்காட்டியும் பிழை வருது." அவர் குழம்பி நின்று நான் பார்த்தது அந்தக் காலத்தில்தான்.

முதலாளி ஓகஸ்டில் வந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல, வேலையாட்களுக்குப் பெருநாளுக்கு உடுப்பு எடுத்துக் கொடுப்பவர். அறைகள் ஏன் பாதி வெறுமையாகக் கிடக்கின்றன என்று விசாரித்து, காரணத்தைக் கண்டுபிடித்தார். வரவேற்பு மண்டபத்தில், எனக்கு முன்னாலேயே அக்காவிடம் கேட்டார்.

"ஆக்களைக் கலைக்கிறதுக்கோ உம்மை வைச்சிருக்கிறன்?"

"கலைக்கேல்லை, ஐயா. சரிவராதவைக்குச் சரிவராது எண்டுறன்."

"அதை அவை வந்து பாத்துத் தெரிஞ்சுகொள்ளட்டும். அவையின்ர கண்ணுக்கு நீரோ காவல்?"

முதலாளி சொன்னதிலும் நியாயம் இருந்தது என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். இணையத்திலேயே அறையைப் பதிந்துகொள்ளும் முறை அடுத்த மாதம் வந்தது. புளியடி அறை எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் அறையாகியது. அக்காவின் தொலைபேசி பிறகு அவ்வளவாக அடிக்கவில்லை. எனக்கு நியமனக் கடிதம் வந்து நான் விலகியபோது, அவர் புதுச் சீமெந்துத் தரைக்கு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். போய்வருகிறேன் என்று சொன்னேன். ஓம் என்றார், கையில் இருந்த கச்சானில் பாதியைத் தந்தார். பிறகு ஓமானில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவருடைய பழைய இலக்கம் பாவனையில் இல்லை.

இந்த இரண்டு வாரமாக நான் அவரைப் போலவே விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மச்சாள் அனுப்பிய விடுதியின் நீச்சல் தடாகத்தில் பிள்ளைகளுக்குத் தனியாக ஆழமில்லாத பகுதி இருக்கிறது, சுற்றி வேலி இருக்கிறது. என் மகளுக்கு நான்கு வயது, தண்ணீரைக் கண்டால் ஓடுவாள், ஆகவே அதை மூன்று படத்தில் பெருப்பித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். உறைப்பில்லாத சாப்பாடு செய்வார்களா என்று கேட்டேன், செய்வார்கள். ஓகஸ்டில் காலையில் கடல் அமைதி. மச்சாளின் பிள்ளைகளுக்கு வைஃபை உண்டு. அறைக்குப் போகும் வழி கல் பதித்தது. எல்லாம் சரி. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

கடைசியாக விடுதிக்கு எடுத்து, கடலைப் பார்க்காத அறை இருக்கிறதா என்று கேட்டேன். மறுமுனையில் இருந்த பெண் கடல் தெரியாத அறை கிடைத்துவிடுமோ என்று நான் பயப்படுவதாக நினைத்துவிட்டார். பயப்படாதீர்கள், எங்களிடம் எல்லா அறையும் கடலைப் பார்த்ததுதான், அப்படி ஒரு அறை கூட இல்லை என்று பெருமையாகச் சொன்னார்.

ஒரு சாட்டுச் சொல்லலாம். பிள்ளைக்கு உப்புத் தண்ணீர் ஒத்துவராது என்று டொக்டர் சொன்னார் என்றால் மச்சாள் மறுபேச்சுப் பேச மாட்டார், உடனே மலைப்பக்கம் பார்ப்பார். இரண்டு தடவை அந்தச் செய்தியை எழுதி அழித்தேன். அழிக்கும்போது அந்தப் பிரான்ஸ்காரப் பெண்ணின் குரல் கேட்டது. அந்தக் கரையில் தவறியவள் மச்சாளுக்கும் தங்கைதானே. கனடாவில் இருந்துகொண்டு அத்தனை கரைகளிலும் இந்தக் கரையை ஏன் தேர்ந்தார் என்று நான் கேட்கவில்லை. தெரியாமல் தேர்ந்திருப்பார் என்று நினைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது, ஆனால் அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

என் கணவர் கடலைப் பற்றிக் கதைப்பதில்லை. கடலை முழுதாக ஒதுக்குபவரும் அல்ல. மீன் சாப்பிடுவார். முல்லைத்தீவில் கலியாண வீட்டுக்குப் போனால் மண்டபத்தில் இருந்துவிட்டு வருவார், மற்றவர்கள் கரைக்குப் போய்ப் படமெடுக்கும்போது வாகனத்தைத் திருப்பி நிறுத்துகிறேன் என்பார். மகளைக் குளத்துக்குக் கூட்டிப்போய் நீந்தப் பழக்குவது அவர்தான். முதல் தடவை கேட்டபோது, நீர் பாத்துச் செய்யும் என்றார். இரண்டாம் தடவை கேட்டபோது, லீவு எடுக்கலாம், பிரச்சினை இல்லை என்றார். நான் கேட்டது லீவைப் பற்றி அல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை வேலையால் வரும்போது கிளிநொச்சி நகரில் பிள்ளைக்கு ஒரு நீச்சல் வளையம் வாங்கி வந்தார். மஞ்சள் நிறம், வாத்துத் தலை வைத்தது. குசினிக்குள் கதிரையில் இருந்து அதை ஊதினார். மகள் அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள், கதவுகளில் முட்டினாள். நான் அரிசி கழுவிக்கொண்டு நின்றேன். அப்போது மூன்றாம் தடவை கேட்டேன்.

"நீங்கள் மனமாத்தான் வாறியளோ?"

"பிள்ளைக்குக் கடல் காட்டத்தானே வேணும்."

"பிள்ளைக்குச் சரி. உங்களுக்கு?"

அவர் வளையம் வந்த பொலித்தீன் பையை விரலில் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதப்பா. அங்க போனாத்தான் தெரியும். நீங்கள் இறங்குங்கோ, நான் கரையில நிக்கிறன்."

அவர் இதுவரை சொன்னதில் இதுதான் நீளமான பதில். இது ஓம் அல்ல. இல்லை என்பதும் அல்ல. அக்கா இருந்தால் இதை எந்த அறைக்கு எழுதியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன், அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

இதை வாசிப்பவர்களில், வீட்டில் இப்படி ஒருவரோடு இருப்பவர்கள் இருப்பீர்கள். கூட்டிப் போனவர்களும் எழுதுங்கள், சாட்டுச் சொல்லித் தவிர்த்தவர்களும் எழுதுங்கள். விடுதியின் விலையையும் சாப்பாட்டையும் பற்றி எழுத வேண்டாம், அதெல்லாம் விசாரித்துவிட்டேன். நீங்கள் கூட்டிப் போனவர் முதல்நாள் பின்னேரம் எப்படி இருந்தார், வீட்டுக்கு வந்து ஒரு மாதத்துக்குப் பிறகு எப்படி இருந்தார் என்று எழுதுங்கள். யூலை நடுப்பகுதி வரை முன்பதிவை மாற்றலாம். போவது என்று முடிவானால் இன்னொன்றும் எனக்குத் தெரிய வேண்டும். முதல்நாள் காலை நான் பிள்ளையோடு தண்ணீரில் இறங்க வேண்டுமா, கரையில் நிற்கிறவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமா?